40 கேலன், 10 குடம்

எங்கள் ஆர்வியின், அதாவது சமையல், படுக்கை, குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டியின், நல்ல தண்ணீர்த் தொட்டி 40 கேலன் பிடிக்கும். வண்டியை விற்றவர் அதைப் பெருமையாகச் சொன்னார், இவரும் தலையாட்டிக்கொண்டார். நான் மட்டும் கேலனை லிட்டராக்கி, லிட்டரைக் குடமாக்கிப் பார்த்தேன். 150 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 10 குடம். முதுகுளத்தூர் பக்கம் எங்கள் கிராமத்தில் அம்மாவும் அக்காவும் நானும் விடிகாலையில் ஊருணியிலிருந்து சுமந்து வருவது ஏறக்குறைய அவ்வளவுதான். குளியலைக் கண்மாயில் முடித்துக்கொண்டால் ஏழு பேருக்கு அது ஒரு நாள் பாடு.

"இது எத்தனை நாளைக்குங்க வரும்?"

"ரெண்டே பேர்தானே. பத்து நாள் தாராளமா வரும்."

இவர் ஸ்ரீரங்கத்துக்காரர். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். தண்ணீருக்குக் கணக்கு உண்டு என்பதே இவருக்குத் தெரியாது. பாலைவனத்தில் எங்கள் முதல் தொட்டி மூன்றரை நாளில் காலியானது.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டோம். 2021இல் இருவரும் ஓய்வு பெற்றோம். நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள், இவர் பொறியாளர். எனக்கு முழங்கால் வலி, இவருக்குப் பனி வாரிப் போட்டே முதுகு போய்விட்டது. ஜனவரி, பிப்ரவரியை மட்டும் எங்காவது வெயிலில் கழிக்கலாம் என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. அது எப்படி 24 அடி நீளப் பழைய ஆர்வியாக எங்கள் வாசலில் வந்து நின்றது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மகளிடம் போனில் சொன்னபோது ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்பாவுக்கு அதை பார்க் பண்ணத் தெரியுமாம்மா?" என்றாள். நியாயமான கேள்வி.

2022 ஜனவரி 3ஆம் தேதி கிளம்பினோம். போக நினைத்த இடம் அரிசோனாவில் குவார்ட்சைட். ஃபீனிக்ஸிலிருந்து மேற்கே 125 மைல் போல, கலிஃபோர்னியா எல்லைக்கு இருபது மைல் முன்னால் இருக்கிற சின்ன ஊர். குளிர்காலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் வழியாகப் போகிற 40ஆம் நெடுஞ்சாலை நல்லதல்ல. அந்த ஊர் கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, பனி கொட்டும். அதனால் நாஷ்வில், டல்லஸ், எல் பாசோ என்று தெற்காகவே சுற்றிப் போனோம். ஏறத்தாழ 2,200 மைல். எங்கள் வண்டி ஒரு கேலன் பெட்ரோலுக்கு 9 மைல்தான் கொடுக்கும். போகிற வழிக்கு மட்டுமே எண்ணூறு டாலர் ஆனது. ஆர்வியில் ஊர் சுற்றுவது சிக்கனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓரிடத்தில் நிற்பதுதான் சிக்கனம்.

கொலம்பஸில் அப்போது உறைபனி. தொட்டியில் தண்ணீர் இருந்தால் குழாய் வெடித்துவிடும். அதனால் குழாய்களில் குளிர்காலத்துக்கென்றே விற்கிற இளஞ்சிவப்பு உறைதடுப்பு திரவம் நிரம்பியிருந்தது. டெக்ஸாஸ் தாண்டும்வரை வண்டியில் குழாயைத் திறக்கவில்லை, எல்லாமே பாட்டில் தண்ணீர்தான். இதை எங்களுக்கு முன்கூட்டியே யாரோ சொன்னார்கள். டயரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அபிலீனுக்கும் மிட்லாண்டுக்கும் நடுவே பின்பக்க டயர் ஒன்று வெடித்தது. கிழிந்த ரப்பர் அடித்த அடியில் சக்கரத்துக்கு மேலிருந்த தகரமும், கழுவுகிற தண்ணீர் போகிற குழாயும் பிய்ந்துகொண்டு போயின. வந்த மெக்கானிக் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்து எங்களுக்கு ஒரு நான்கு இலக்க எண்ணைக் காட்டினார். 2213. அதாவது 2013ஆம் வருஷம் 22ஆவது வாரம் செய்த டயர். பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தது. ஆர்விகள் வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்பதால் ரப்பர் தேயாது, காய்ந்து வெடித்துப்போகும். ஆறேழு வருஷம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டுமாம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அந்த நான்கு எண்ணைப் படியுங்கள். உள்பக்கம் ஒளிந்திருக்கிற டயரிலும் படியுங்கள். எங்களுக்கு ஆறு டயரும் இரண்டு நாள் மோட்டல் வாடகையும் ஆயிற்று.

ஒரு நாளைக்கு 500 மைல் ஓட்டிவிட வேண்டும் என்று இவர் கணக்குப் போட்டிருந்தார். காரில் பழகிய கணக்கு. ஆர்விக்காரர்கள் மூன்று-மூன்று-மூன்று என்று ஒன்று சொல்வார்கள்: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், போன இடத்தில் 3 ராத்திரியாவது இரு. முதல் தடவை கேட்டபோது கிழவர்கள் கணக்கு என்று நினைத்தோம். நாமும் கிழவர்கள்தான் என்பது லாஸ் குரூசஸ் போய்ச் சேர்ந்த ராத்திரி பத்து மணிக்கு, இருட்டில் வண்டியைப் பின்னால் எடுத்து ஒரு மரமேஜையை இடித்தபோது தெரிந்தது.

அந்த இடிக்கு முழுப் பொறுப்பும் யாருடையது என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. நான் வண்டிக்குப் பின்னால் நின்று "வாங்க, வாங்க, வாங்க" என்றேன், அப்புறம் "நில்லுங்க" என்றேன். இவர் காதில் "வாங்க" மட்டும் விழுந்திருக்கிறது. மறுநாளிலிருந்து கைபேசியில் பேசிக்கொண்டேதான் பின்னால் எடுக்கிறோம். இன்னொரு விதியும் வைத்தோம்: கண்ணாடியில் என் முகம் தெரியவில்லையென்றால் வண்டி நகரக்கூடாது. முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் வராத சண்டையெல்லாம் ரிவர்ஸ் எடுக்கும்போது வரும்.

நியூ மெக்ஸிகோவில் லார்ட்ஸ்பர்க் அருகே ஒரு காய்ந்த ஏரிப் படுகை இருக்கிறது. காற்றடித்தால் புழுதிப்படலம் எழுந்து முன்னால் போகிற லாரியே தெரியாது என்று சாலையோரம் எச்சரிக்கைப் பலகைகள். நாங்கள் போன அன்று காற்று பலமாக இருந்ததால் லாரிகள் நிற்கிற ஒரு பெட்ரோல் நிலையத்திலேயே அரை நாள் உட்கார்ந்துவிட்டோம். அங்கே ஒரு லாரி ஓட்டுநர் சொன்னதை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். புழுதியில் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முழுவதும் ஓரமாக இறங்கு, எல்லா விளக்கையும் அணை, பிரேக்கிலிருந்து காலை எடு. விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவன் அதைப் பார்த்து, சாலை அங்கேதான் போகிறது என்று நினைத்து நேராக வந்து இடிப்பான். நமக்கு இயல்பாகத் தோன்றுவதற்கு நேர் எதிர். ஹஸார்ட் விளக்கைப் போடத்தான் கை போகும்.

ஒருவழியாகக் குவார்ட்சைட். 2020 கணக்கெடுப்பில் 2,400 சொச்சம் பேர் இருக்கிற ஊர். ஜனவரியில் அங்கே லட்சக்கணக்கில் ஆர்விக்காரர்கள் வந்து போகிறார்கள். ஆர்வி கண்காட்சி, கல்லும் ரத்தினமும் விற்கிற சந்தை, பழைய சாமான் கடைகள் என்று ஊரே திருவிழாக் கூட்டம்தான். ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் அரசு நிலம், அதில் வெள்ளை வெள்ளையாக வண்டிகள். தெற்கே லா போசா என்ற இடத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க நாங்கள் போனபோது 180 டாலர். இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றால் 40. அதற்குத் தண்ணீர் பிடிக்கவும், கழிவைக் கொட்டவும், குப்பை போடவும் இடம் உண்டு. மின்சாரம் கிடையாது, எண் போட்ட மனையும் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் 14 நாள்வரை இலவசமாகத் தங்கவும் இடங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே தண்ணீரும் இல்லை ஒன்றும் இல்லை. புதியவர்களுக்கு நான் லா போசாவைத்தான் சொல்வேன்.

எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றார்கள். எனக்கு நிழல் வேண்டும். பாலோ வெர்டே மரங்கள் வரிசையாக நின்ற ஓரிடம் பார்த்து, மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அங்கே நிறுத்தச் சொன்னேன். நாற்காலியை விரித்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. கனடாவில் சஸ்காட்செவனிலிருந்து வருஷா வருஷம் வருகிற ஒரு பாட்டி, எண்பது வயது இருக்கும், நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இங்கே மரம் ஏன் வளர்ந்திருக்கிறது என்று யோசித்தாயா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் ஓடைக் கரையோரம்தான் கருவேலம் அடர்ந்து நிற்கும். வானம் பார்த்த பூமியில் பிறந்துவிட்டு, ஓடைக்கு நடுவில் போய் வீட்டை நிறுத்தியிருக்கிறேன். அங்கே அதை வாஷ் என்கிறார்கள். மழை பத்து மைல் தள்ளி மலையில் பெய்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். மணல் வேறு ஈரமானால் சக்கரம் புதைந்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே இவர் வண்டியைச் சரளைக்கல் மேட்டுக்கு மாற்றினார். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ராத்திரி மழை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தேன். வெள்ளம் என்று சொல்ல முடியாது, கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர்தான். ஆனால் நாங்கள் நாற்காலி போட்ட இடத்தில் தென்னை மட்டை நீளத்துக்கு ஒரு காய்ந்த மரக்கிளையை உருட்டிக்கொண்டு வந்து போட்டிருந்தது.

பாலைவனம் என்றதும் வெயிலைத்தான் நினைத்தோம். பகலில் 20 டிகிரி செல்சியஸ், கொடைக்கானல் மாதிரி சுகம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் அரை மணியில் ஸ்வெட்டர் தேட வேண்டும், விடிகாலையில் சில நாள் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். முதல் ராத்திரி ஹீட்டரைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். நான்கு மணிக்கு கீச், கீச் என்று ஒரு சத்தம். கார்பன் மோனாக்சைடு அலாரம்தான் அடிக்கிறது என்று பதறி, கதவைத் திறந்து, ராத்திரி உடுப்போடு வெளியே ஓடி நின்றோம். விஷயம் அது இல்லை. பேட்டரி தீர்ந்துபோய், அலாரத்துக்கே மின்சாரம் போதாமல் அது கத்தியிருக்கிறது.

ஹீட்டர் கேஸில் எரிவதால் அதற்கு மின்சாரம் செலவில்லை என்று நாங்கள் நினைத்தது தப்பு. சூட்டை உள்ளே தள்ளுகிற விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. இவர் மறுநாள் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். விசிறி 8 ஆம்பியர். ராத்திரியில் ஆறு மணி நேரம் ஓடினால் 48 ஆம்பியர்-மணி. எங்களிடம் இருந்தவை பழைய ஈய-அமில பேட்டரிகள், 220 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். கூரையில் 200 வாட் சோலார். குளிர்காலச் சூரியன் தாழ்வாகப் போவதால் படுக்கையாகக் கிடக்கிற பலகைக்கு வெளிச்சம் முழுதாகக் கிடைப்பதில்லை. வரவு ஐம்பது என்றால் செலவு எண்பது.

"மிக்ஸியை நிறுத்தணும்" என்றார் இவர், முடிவாக.

"அதையும் கணக்குப் போடுங்க."

போட்டார். 750 வாட் மிக்ஸி, இட்லி மாவுக்குப் பத்து நிமிஷம். 12 ஆம்பியர்-மணி சொச்சம். வாரத்துக்கு ஒரு தடவை. அதற்கு மேல் இவர் மிக்ஸியைப் பற்றிப் பேசவில்லை. நாங்கள் நிறுத்தியது ராத்திரி ஹீட்டரைத்தான். சாயங்காலம் ஒரு மணி நேரம், காலையில் அரை மணி நேரம், நடுவில் நல்ல ரஜாய். விசிறி இல்லாமல் எரிகிற சின்ன கேஸ் ஹீட்டர்களும் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டால் ஜன்னலையும் கூரைத் துவாரத்தையும் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், எரியவிட்டுத் தூங்கவே கூடாது. அடுத்த வருஷம் லித்தியம் பேட்டரி வாங்கினோம். அது உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும் என்பதால், வெளிப் பெட்டியில் வைக்காமல் வண்டிக்குள் சோஃபாவுக்கு அடியில் வைத்தோம்.

மாவு புளிக்குமா என்பதுதான் என் கவலையாக இருந்தது. ராத்திரி குளிரில் அசையவே இல்லை. ஒரு நாள் காலையில் வேறு இடம் இல்லாமல் பாத்திரத்தை ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் டாஷ்போர்டில் வைத்துவிட்டு நடக்கப் போனேன். கண்ணாடி வழியாக வெயில். மூன்று மணிக்கு வந்து பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. அன்றிலிருந்து வண்டியைத் தெற்குப் பார்த்து நிறுத்தச் சொல்கிறேன். சோலார் வெயிலுக்காக என்று இவர் மற்றவர்களுக்கு விளக்குவார்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். மூன்றரை நாளில் தீர்ந்தது எங்கே போனது என்று பார்த்தால், பெரும்பங்கு ஷவரில்தான். சுடுதண்ணீர் வரும்வரை பச்சைத் தண்ணீர் சும்மா ஓடும். அப்புறம் இவர் பல் தேய்க்கும்போது குழாயை மூடுவதில்லை. நான் ஊருக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்தேன். சொம்பு என்னிடமே இருந்தது. ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து வாளியில் ஊற்றி விளாவினால் 5 லிட்டரில் ஒரு ஆள் நன்றாகக் குளிக்கலாம், தலைக்கு ஊற்றுகிற நாளில் எட்டு. பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் காகிதத்தால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் தெளிப்பான் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் அடித்துத் தேய்த்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் அலசினால் போதும். காய் கழுவின தண்ணீர் கை கழுவ. குடிக்க மட்டும் ஊரிலிருந்து தனி கேன். இப்படியே 40 கேலன் ஒன்பது நாள் வந்தது. சஸ்காட்செவன் பாட்டி என் வாளியையும் சொம்பையும் பார்த்துவிட்டு, இது என்ன கருவி என்று கேட்டார். செய்து காட்டினேன், உடுப்போடுதான். அவர் நாற்பது வருஷமாகக் குழாயை மூடி மூடித் திறந்துதான் குளிக்கிறாராம்.

பாத்திரத்தைத் துடைக்கச் சொல்வது தண்ணீருக்காக மட்டும் இல்லை. ஆர்வியில் கழிவுக்கு இரண்டு தொட்டி. கக்கூஸ் தொட்டி நாறும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். எங்கள் வண்டியில் நாறியது சமையல் தண்ணீர் போகிற தொட்டி. சாம்பார், ரசம், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் அதில் போய், பகல் வெயிலில் புளித்து, சிங்க் வழியாகத் திரும்பி வந்த வாடை இருக்கிறதே! இப்போது அரிசி களைந்த தண்ணீரும் கக்கூஸில்தான் ஊற்றப்படுகிறது. அங்கே தண்ணீர் எவ்வளவு போனாலும் நல்லது. காகிதம் அதிகம் போய், தண்ணீர் குறைந்தால்தான் அந்தத் தொட்டி அடைத்துக்கொள்ளும். நம் ஆட்கள் கழுவுகிறவர்கள், அந்த விதத்தில் நமக்குச் சௌகரியம். ஒரே ஒரு எச்சரிக்கை: குழாய் இணைப்பு உள்ள பார்க்கில் தங்கும்போது கக்கூஸ் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடாதீர்கள். தண்ணீர் வடிந்துபோய் மற்றது மலைபோல் நின்றுவிடும். நாங்கள் டூசானில் ஒரு வாரம் திறந்து வைத்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம். முக்கால் தொட்டி நிறைந்ததும் முதலில் கக்கூஸ் தொட்டியைத் திறக்க வேண்டும், அப்புறம் சமையல் தண்ணீர்த் தொட்டி. குழாயை அது கழுவிக் கொடுத்துவிடும்.

அந்த வருஷப் பொங்கல் லா போசாவில்தான். வண்டிக்கு வெளியே கேஸ் அடுப்பைக் கிழக்குப் பார்த்து வைத்து, சுற்றிக் கல் அடுக்கிக் காற்றை மறைத்துப் பொங்க வைத்தேன். பால் பொங்கும்போது இவர் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, நாலு வண்டியிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். சர்க்கரைப் பொங்கலை விட அவர்களுக்கு மறுநாள் கொடுத்த புளியோதரைதான் பிடித்தது. சேர்ந்து சாப்பிடுகிற விருந்துகள் அங்கே அடிக்கடி நடக்கும், புளியோதரைக்கு ஃப்ரிட்ஜும் வேண்டாம், சூடும் பண்ண வேண்டாம். ஃப்ரிட்ஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. கேஸில் ஓடுகிற ஆர்வி ஃப்ரிட்ஜ் வண்டி சமமாக நின்றால்தான் ஒழுங்காகக் குளிரும், சாய்ந்து நின்று ஓடினால் கெட்டே போகும். இவர் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். நான் குழம்பைப் பார்ப்பேன். வாணலியில் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் சக்கரத்துக்குக் கீழே இன்னொரு பலகை வைக்க வேண்டும்.

இவ்வளவு பழகிய பிறகு அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் முதல் வருஷ ஆசை. கிளம்பிவிட்டோம், ஐந்து வாரத்தில் ஒன்பது இடம். சால்டன் கடலைப் பார்த்தோம். 1905இல் கொலராடோ ஆறு வாய்க்காலை உடைத்துக்கொண்டு வந்து நிரப்பிய பள்ளம், இப்போது வற்றிக்கொண்டிருக்கிறது. கரையில் நடந்தபோது மணல் என்று நினைத்தது மீன் முள்ளும் சிப்பித் தூளும். பழைய ராணுவ முகாம் இருந்த இடத்தில் ஆட்கள் தாங்களாகவே குடியேறியிருக்கிற ஸ்லாப் சிட்டி இவருக்குப் பிடித்தது, எனக்குப் பிடிக்கவில்லை. டெத் வேலியில் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, உப்புப் பாளம் காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அங்கே வண்ண மலைகளுக்கு நடுவே போகிற ஒரு சாலைக்கு 25 அடிக்கு மேல் நீளமான வண்டி போகக்கூடாது. எங்கள் 24 அடி வண்டிக்குப் பின்னால் சைக்கிள் மாட்டுகிற கம்பி இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தோம். வண்டியின் உண்மையான நீளத்தையும் உயரத்தையும் அளந்து கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள்.

கலிஃபோர்னியாவுக்குள் நுழையும்போது பிளைத் பக்கத்தில் விவசாயச் சோதனைச் சாவடி இருக்கிறது. பழம், செடி ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். ஃபீனிக்ஸில் வாங்கிய கறிவேப்பிலைப் பையை நானே எடுத்துக் காட்டினேன். அதோடு போயிற்று. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் ஒரு பூச்சி கறிவேப்பிலையில்தான் விரும்பி உட்காருமாம். மூன்று வாரம் கறிவேப்பிலை இல்லாத தாளிப்பு. பொடி பண்ணி எடுத்துப் போங்கள் என்று சொல்லலாம்தான், அதையும் கேட்டுவிட்டே எடுத்துப் போங்கள்.

ஜோஷுவா ட்ரீ பூங்காவில் சோயா (cholla) என்கிற கள்ளி. பார்க்கப் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும், பக்கத்தில் போனாலே தாவிப் பிடிக்கும் என்பார்கள். தாவுவதில்லை, லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று வந்துவிடுகிறது. என் செருப்புக்கு மேலே குதிகாலில் ஒன்று ஒட்டியது. இவர் அவசரமாகக் கையால் பிடுங்கினார். இப்போது அது இவர் கையில். இடது கையால் எடுக்கப் போனார், இரண்டு கையும் மாட்டிக்கொண்டது. எனக்கு வலியில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அந்த வழியாக வந்த ஒரு பெண் தன் தலைச் சீப்பை எடுத்து, முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் செருகி, ஒரே நெம்பில் தூர எறிந்தார். அப்புறம் மிச்ச முள்ளைக் குறடு வைத்து. எங்கள் வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் இப்போதும் ஒரு பழைய சீப்பு தொங்குகிறது.

அன்ஸா-பொரேகோ பாலைவனத்தில்தான் அந்தப் பயணம் முடிந்தது. சோலார் பலகையில் படிந்த புழுதியைத் துடைக்கக் கூரைக்கு ஏறிய இவர், இறங்கும்போது கடைசி இரண்டு படியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கி ஊதா நிறம். பக்கத்தில் ஒரு வண்டி கூட இல்லை. போனில் சிக்னல் இல்லை. சாவி என் கையில் இருக்கிறது, எனக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியாது. காரை முப்பது வருஷமாக ஓட்டுகிறேன், ஆனால் "இது உனக்கு எதுக்கு" என்று இவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். ஒன்றரை மைல் நடந்து போய் ஒரு கூடாரக்காரரைக் கூட்டி வந்தேன். எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிசல்.

அவசர சிகிச்சைக்குக் காப்பீடு வந்தது. அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனுக்கும் இரண்டாவது தடவை டாக்டரைப் பார்த்ததற்கும் வரவில்லை. மெடிகேர் என்பது 65 வயதானவர்களுக்கு அரசு தருகிற மருத்துவக் காப்பீடு. இவர் எடுத்திருந்தது அதைத் தனியார் நிறுவனம் வழியாகத் தருகிற மெடிகேர் அட்வான்டேஜ் வகைத் திட்டம், ஒஹாயோ டாக்டர்கள் வட்டத்துக்குள்தான் செல்லும். நேரடி அரசு மெடிகேர் என்றால் மெடிகேர் ஏற்கிற டாக்டர் நாட்டில் எங்கே இருந்தாலும் போகலாம். மாதக்கணக்கில் ஊர் சுற்ற நினைக்கிறவர்கள் 65 வயதில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மாறுவது அவ்வளவு சுலபமில்லை.

அந்தக் கோடையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆளில்லாத ஒரு பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில் நான் ஆர்வி ஓட்டப் பழகினேன். திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அதனால் முனையைத் தாண்டி முன்னால் போய்விட்டுத்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. கற்றுக் கொடுக்கிறவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் முதல் வாரமே பழகியிருக்கும்.

இரண்டாவது குளிர்காலம் லா போசாவில் ஒரே மேட்டில் பத்து வாரம். எங்கேயும் போகவில்லை என்று சொல்ல முடியாது. யூமா போய், அங்கிருந்து எல்லை தாண்டி லாஸ் அல்கோடோனஸில் இவர் பல்லைக் கட்டிக்கொண்டார். வண்டியை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே மெக்ஸிகோவுக்குள் போகலாம், தெருவுக்குத் தெரு பல் டாக்டர்கள்தான். பாஸ்போர்ட் மட்டும் மறக்கக்கூடாது. போக வர நான்தான் ஓட்டினேன். குவார்ட்சைட் ஊர்க் கல்லறையில் ஒட்டகக்காரர் ஹாஜி அலியின் சமாதியைப் பார்த்தோம். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றோடு வந்தவர். பெயர் வாயில் நுழையாமல் ஹை ஜாலி ஆக்கிவிட்டார்கள். கல் பிரமிடின் உச்சியில் செப்பு ஒட்டகம் நிற்கிறது. பெயரைத் திரித்த கதை எங்கள் இருவருக்கும் புதிதில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

அந்த வருஷம் வந்த ஒரே தொந்தரவு எலி. பாலைவன எலிகள் என்ஜின் சூட்டுக்கு வந்து ஒயரைக் கடித்துவிடுகின்றன. பானட்டை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, உள்ளே ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் வராது. லா போசாவில் இருட்டியதும் பார்த்தால் வண்டிகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

மார்ச் நடுவில் கிளம்பும்போது தொட்டியை நிரப்பவில்லை. 40 கேலன் தண்ணீர் 330 பவுண்டு எடை, அதைச் சுமந்துகொண்டு மலை ஏறுவானேன் என்று கால் தொட்டி மட்டும் வைத்துக்கொண்டோம். பாட்டி விடை கொடுக்க வந்தார். என் வாளியைச் சுட்டிக்காட்டி, அதே மாதிரி எங்கே கிடைக்கும் என்றார். இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். உள்ளே இருந்த சொம்பையும் எடுத்துப் பார்த்தார். அதை மட்டும் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அது அம்மா வீட்டுச் சொம்பு.